அழித்தாலும் அழியாதவை: பதிந்ததை நீக்கும் உரிமை கடந்து வந்த பாதை



சென்ற ஆண்டு ரமலானுக்குச் சில நாட்கள் முன்பு, அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் அமர்ந்திருந்தேன். என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். இப்போது அவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நலம் விசாரித்தேன். சற்று நேரம் தயங்கியவர், "ஹஜ்ரத், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த வீடியோவ எடுத்துடுறீங்களா?" என்றார்.

எந்த வீடியோ என்று எனக்கு விளங்கவில்லை. தம் கைப்பேசியில் காட்டினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் மத்ரஸாவின் ஆண்டு விழாவில் எடுத்தது. பத்து வயதுப் பிள்ளையாக மேடையேறியவர், மனப்பாடம் செய்த பேச்சு பாதியில் மறந்துபோக, ஒலிபெருக்கியின் முன்னால் நின்றபடியே "உம்மா" என்று அழைத்து அழுகிறார். அதைப் படம் பிடித்தவன் நான். மத்ரஸாவின் சமூக ஊடகப் பக்கத்தில் ஏற்றியவனும் நான். அன்று பலர் அன்போடு மாஷா அல்லாஹ் என்று எழுதினார்கள். பெற்றோரும் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. பின்னர் யாரோ அதை எடுத்து, சினிமாப் பாட்டைச் சேர்த்துப் பரப்பியிருக்கிறார்கள். இப்போது கல்லூரி விடுதியில் அந்த அழுகையே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

அரை நிமிடத்தில் நீக்கினேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "ஜஸாகல்லாஹ் ஹஜ்ரத். ஆனா இன்னும் நாலஞ்சு இடத்துல இருக்கு. அதை யார்கிட்ட போய்க் கேக்குறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நாம் பதிந்ததை நீக்குதல், அதிலிருந்து பிறர் எடுத்த நகல்களை நீக்குதல், நம்மைப் பற்றிப் பிறர் பதிந்ததை நீக்குதல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. இம்மூன்றில் சட்டம் எதுவரை வந்திருக்கிறது என்பதுதான் இந்த வரலாறு.

இணையத்துக்கு முன்பே எழுந்த கேள்வி

ஒருவரது கடந்தகாலத்தை உலகம் எத்தனை காலம் சுட்டிக்காட்டிக் கொண்டிருக்கலாம் என்ற கேள்வி கணினியோடு பிறந்ததன்று. 1969இல் ஜெர்மனியின் லெபாக் என்னும் ஊரில் இராணுவ வெடிமருந்துக் கிடங்கு ஒன்றில் நான்கு வீரர்கள் கொல்லப்பட்டனர். கொலையாளிகளுக்குத் துணைநின்ற ஒருவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் விடுதலையாகும் காலம் நெருங்கியபோது, அவருடைய பெயரோடும் படத்தோடும் அந்நிகழ்ச்சியைச் சித்திரிக்கும் படம் ஒன்றைத் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்ப முனைந்தது. அவர் நீதிமன்றம் சென்றார். 1973 ஜூன் 5 அன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைத் தடுத்தது. குற்றம் நடந்தபோது செய்தி வெளியிடும் உரிமை ஊடகத்துக்கு உண்டு. ஆனால் தண்டனையை அனுபவித்து முடித்துச் சமூகத்துக்குத் திரும்பும் மனிதரை மீண்டும் மீண்டும் அதே இடத்தில் நிறுத்துவது அவரது மறுவாழ்வைக் கெடுக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அந்தக் காலத்தில் மறதிக்குக் காகிதமே துணை நின்றது. செய்தித்தாள் பழுப்பேறிக் கடையில் பொட்டலமாகிவிடும். தேடி எடுக்க வேண்டுமானால் நூலகத்துக்குப் போய்ப் பழைய தொகுப்புகளைப் புரட்ட வேண்டும். இணையம் அந்தத் துணையை நீக்கிவிட்டது. நினைவு வைத்திருப்பது எளிதாகவும் மலிவாகவும் ஆனது. மறப்பதற்குத்தான் இப்போது முயற்சி தேவைப்படுகிறது.

வெளியேற வாசல் இல்லாத வீடு

சமூக ஊடகங்களின் தொடக்க ஆண்டுகளில், தாம் எழுதியதைத் தாமே அழிப்பதுகூட எளிதாக இருக்கவில்லை. 2008 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. பேஸ்புக்கிலிருந்து விலக விரும்புவோர் தம் கணக்கை முடக்கி வைக்கத்தான் முடிகிறது, முழுவதுமாக அழிக்க வழி தெரியாமல் அல்லாடுகிறார்கள் என்பதே அச்செய்தி. பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்க வேண்டியிருந்தது. அதன் பிறகே நிறுவனம் நடைமுறையை ஓரளவு எளிதாக்கியது.

மறு ஆண்டு, 2009 பிப்ரவரியில், அதே நிறுவனம் தன் பயன்பாட்டு விதிகளை மாற்றியது. பயனர் தம் பதிவை நீக்கிவிட்டால் அதைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு அளித்த உரிமமும் முடிவுக்கு வரும் என்று முன்பு இருந்த வாசகம் காணாமற்போனது. நுகர்வோர் நலன் பற்றி எழுதும் அமெரிக்க இணையதளம் ஒன்று இதைக் கவனித்து எழுதியது. ஓரிரு நாட்களில் எதிர்ப்பு பெருகியது. அந்த வாரமே நிறுவனம் பின்வாங்கிப் பழைய விதிகளுக்குத் திரும்பியது. பெரும் நிறுவனம் ஒன்று தன் விதியைத் திரும்பப் பெறும்படி செய்தவர்கள், விதிகளை வாசித்துப் பார்த்துக் குரல் எழுப்பிய சாதாரணப் பயனர்களே.

ஆனால் விதி வேறு, நடைமுறை வேறு. 2009 மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். 16 இணையதளங்களில் படங்களை ஏற்றி, அவற்றின் நேரடி முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பின்னர் அப்படங்களை நீக்கினார்கள். முப்பது நாட்கள் கழித்தும் 7 தளங்களில் அந்த முகவரி வழியே படங்கள் திறந்தன. பக்கத்திலிருந்து மறைந்த படம் கிடங்கிலிருந்து மறையவில்லை.

இதன் முழு அளவு 2011இல் தெரியவந்தது. மேக்ஸ் ஷ்ரெம்ஸ் என்ற ஆஸ்திரிய நாட்டுச் சட்ட மாணவர், தம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவு அனைத்தையும் தருமாறு பேஸ்புக் நிறுவனத்திடம் ஐரோப்பியச் சட்டப்படி கேட்டார். வந்து சேர்ந்தது 1,222 பக்கங்கள். தாம் அழித்துவிட்டதாக எண்ணியிருந்த செய்திகளும் அவற்றுள் இருந்ததை அவர் கண்டார். அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் 22 புகார்களைக் கொடுத்தார். அழிப்பதற்கான பொத்தானை அழுத்துவதும் உண்மையில் அழிவதும் ஒன்றல்ல என்பதை ஒரு மாணவரின் கோரிக்கை உலகுக்கு அறிவித்தது.

36 சொற்களின் வழக்கு

1998இல் ஸ்பெயினின் லா வான்குவார்டியா நாளிதழில் சிறிய அறிவிப்பு ஒன்று வந்தது. சமூகப் பாதுகாப்புக் கடனுக்காக ஒருவரது சொத்து ஏலத்துக்கு வருகிறது என்ற அந்த அறிவிப்பு மொத்தம் 36 சொற்கள். கடன் தீர்ந்தது, ஆண்டுகள் கடந்தன. பின்னாளில் நாளிதழ் தன் பழைய பக்கங்களை இணையத்தில் ஏற்றியது. அதிலிருந்து அவர் பெயரைக் கூகுளில் தேடுவோருக்கெல்லாம் அந்தக் கடன் அறிவிப்பே முதலில் தென்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். மறக்கப்பட வேண்டும் என்று போராடியவர் என்பதால் அவர் பெயரை இங்கு எழுதாமல் விடுகிறேன்.

2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் பெயரைத் தேடும்போது வரும் முடிவுகளில், காலம் கடந்ததும் இன்றைக்குப் பொருத்தமற்றதுமான தகவலுக்கான இணைப்பை நீக்குமாறு அவர் தேடுபொறியைக் கோரலாம். பொதுவாழ்வில் அவர் வகிக்கும் பங்கு முதலிய காரணங்களால் மக்கள் அதை அறிந்தாக வேண்டிய தேவை இருந்தால் அக்கோரிக்கை ஏற்கப்படாது என்றது நீதிமன்றம். நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கலாம். தேடுபவர் கையில் அது எப்போதும் முதலாவதாக வந்து விழ வேண்டியதில்லை. அம்மாத இறுதியில் கூகுள் விண்ணப்பப் படிவத்தை வெளியிட்டபோது, முதல் நாளிலேயே சுமார் 12,000 கோரிக்கைகள் வந்தன. ஒரு மனிதரின் தனிப்பட்ட குறை என்று எண்ணப்பட்டது எத்தனை பேரின் நெஞ்சில் இருந்த சுமை என்பது அன்று தெரிந்தது.

பிள்ளைப் பருவத்துக்கு ஒரு சட்டம்

இதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் பிள்ளைகளை எண்ணிச் சட்டம் இயற்றியது. 2013இல் நிறைவேறி 2015 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், 18 வயது நிரம்பாதவர்கள் தாம் ஏற்றிய பதிவுகளைத் தாமே நீக்கவோ நீக்கும்படி கேட்கவோ இணையதளங்கள் வழிசெய்ய வேண்டும் என்றது. ஆனால் பிறர் ஏற்றியதற்கும், பிறர் நகலெடுத்து மறுபடி ஏற்றியதற்கும் அது பொருந்தாது. என் மாணவர் அங்கு வாழ்ந்திருந்தாலும் அச்சட்டத்தால் அவருக்குப் பயன் கிடைத்திராது. அவர் அந்தக் காட்சியை ஏற்றியவரல்லர், காட்சியில் அழுதவர்.

2016இல் இயற்றப்பட்டு 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இன்னும் விரிவானது. அதன் 17ஆம் பிரிவு அழிக்கச் செய்யும் உரிமைக்கே உரியது. ஒருவர் தாம் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலோ, எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அந்நோக்கம் முடிந்துவிட்டாலோ அதை அழிக்கக் கோரலாம். பொதுவாக ஒரு மாதத்துக்குள் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். தரவைப் பொதுவில் வெளியிட்ட நிறுவனம், அதன் நகல்களை வைத்திருக்கும் பிற நிறுவனங்களுக்கும் இந்தக் கோரிக்கையைத் தெரிவிக்க இயன்ற நடவடிக்கை எடுக்க வேண்டும். பிள்ளையாக இருந்தபோது ஆபத்தை முழுதும் உணராமல் சம்மதித்தவர், வளர்ந்த பின்னும் இந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்பதை அதன் முகவுரை தனியாக எடுத்துச் சொல்கிறது. கருத்துச் சுதந்திரம், சட்டக் கடமை, வரலாற்று ஆய்வு ஆகியவற்றுக்கு விலக்கும் உண்டு.

நம் நாட்டின் நிலை

2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தனியாக எழுதிய தீர்ப்பில் நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், பிள்ளைகள் இணையத்தில் அறியாமல் செய்த தவறுகளின் விளைவு அவர்களை வாழ்நாள் முழுதும் துரத்தக் கூடாது என்ற கருத்தை முன்வைத்தார்.

2020 நவம்பரில் ஒடிசா உயர்நீதிமன்றத்தின் முன் ஒரு ஜாமீன் மனு வந்தது. ஒரு பெண்ணின் அந்தரங்கக் காட்சிகளைப் போலிக் கணக்கு வழியே பேஸ்புக்கில் ஏற்றியதாகக் குற்றச்சாட்டு. குற்றவாளியைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் அக்காட்சிகளைச் சேமிப்புக் கணினிகளிலிருந்து நிரந்தரமாக நீக்கக் கோரும் பாதிக்கப்பட்டவரின் உரிமைக்கு வழிமுறை இல்லையே என்று நீதிமன்றம் கவலை தெரிவித்தது. அடுத்த ஆண்டு வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், இத்தகைய அந்தரங்கப் படங்களையும், உருமாற்றம் செய்து ஒருவரைப் போலக் காட்டும் படங்களையும் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் அளித்தால், 2021இல் வந்த வடிவில், 24 மணி நேரத்துக்குள் தளங்கள் அவற்றை அகற்ற வேண்டும் என்றன. நம் பெண்பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய விதி இது. அவமானத்துக்கு அஞ்சி வாய்மூடி இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நகல்களைப் பெருக்கும்.

2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் 12ஆம் பிரிவில் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. இந்தியாவில் 2 கோடிக்கு மேல் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள், மூன்று ஆண்டுகள் தொடர்பே இல்லாத பயனரின் தரவை, 48 மணி நேரம் முன்னதாக அவருக்குத் தெரிவித்துவிட்டு, அழிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று.

எனினும் இச்சட்டத்தில் இரண்டு விலக்குகள் உண்டு. ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட தம் தரவுக்கு இச்சட்டம் பொருந்தாது. சமூக ஊடகத்தில் தம் கருத்துகளை எழுதும்போது தம் விவரங்களை வெளியிட்டவரையே சட்டம் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறது. இரண்டாவது, தனிநபர் தம் சொந்த அல்லது குடும்ப நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்கும் இது பொருந்தாது. ஆக, ஊரறிய நாமே எழுதியதும், மாமா குடும்பக் குழுவில் போட்ட படமும் இச்சட்டத்தின் கைக்கு எட்டாதவை. முதலாவதற்குத் தளங்கள் தரும் நீக்கும் வசதியே வழி. இரண்டாவதற்கு மாமாவின் மனசாட்சிதான் வழி.

ஒரு பாட்டியின் வழக்கு

குடும்பத்துக்குள் நடப்பதில் நீதிமன்றம் தலையிட்ட வழக்கு ஒன்று 2020 மே மாதம் நெதர்லாந்தில் நடந்தது. பாட்டி ஒருவர் தம் பேரப்பிள்ளைகளின் படங்களைப் பேஸ்புக்கிலும் பின்டரெஸ்டிலும் வெளியிட்டிருந்தார். பிள்ளைகளின் தாய், அதாவது அவருடைய சொந்த மகளே, நீக்கும்படி பலமுறை கேட்டும் அவர் நீக்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. பொதுவில் ஏற்றிய படம் யார் கைக்கும் போகலாம் என்பதால் இதைக் குடும்ப நோக்கம் என்று விலக்க இயலாது எனக் கருதிய நீதிமன்றம், படங்களை நீக்க உத்தரவிட்டது. தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ, அதிகபட்சம் 1,000 யூரோ செலுத்த வேண்டும் என்றது.

அந்தப் பாட்டியிடம் பேரப்பிள்ளைகள் மீதான பாசம் இல்லாமல் இல்லை. அன்று மேடையின் கீழே கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்த என்னிடமும் அந்தப் பிள்ளை மீதான பாசம் இல்லாமல் இல்லை. பாசத்தால் பதிகிறோம் என்பது உண்மையே. ஆனால் அந்தப் படம் பாசமில்லாதவர்களின் கைக்கும் போகும். பாசமுள்ளவர்களெல்லாம் மறந்த பின்னும் இருக்கும். தாயும் மகளும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்ற பின்பு நீங்கிய படங்கள், மகள் முதன்முறை கேட்டபோதே நீங்கியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

நமக்குப் புதிதல்லாத பாடம்

பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறுமையில் மறைப்பான் என்ற கருத்துடைய நபிமொழியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம். இரவில் தாம் செய்த தவறை அல்லாஹ் மறைத்திருக்க, விடிந்ததும் தாமே அதை ஊருக்கு அறிவிப்பவரைப் பற்றிய எச்சரிக்கையும் ஹதீஸில் உண்டு. அதே வேளையில், நபிமொழிகளை அறிவிப்போரின் நினைவாற்றலையும் நாணயத்தையும் பற்றி நம் முன்னோர் தனிக் கலையே வளர்த்தார்கள். யஹ்யா இப்னு மயீன் போன்ற அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள். மார்க்கத்தைக் காக்கும் தேவை அங்கிருந்தது. தேவை உள்ள இடத்தில் சொல்வது, தேவை முடிந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதே அவர்கள் காத்த எல்லை. ஐரோப்பிய நீதிபதிகள் 2014இல் தேடியதும் இதைப் போன்ற ஓர் எல்லையைத்தான்.

பத்து வயதுப் பிள்ளையின் அழுகையை ஊருக்குக் காட்ட எனக்கு என்ன தேவை இருந்தது? எதுவுமில்லை.

இனி நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கை முடக்குவதும் அழிப்பதும் வேறு என்பதை அறிந்துகொள்ளுங்கள். பேஸ்புக்கில் கணக்கை அழிக்கக் கோரினால் 30 நாட்களுக்குள் மனம் மாறித் திரும்பலாம். அதன் பிறகு அனைத்தும் நீங்க 90 நாட்கள் வரை ஆகலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை எல்லோருக்குமாக நீக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு. ஆயினும் பெற்றவர் அதற்குள் சேமித்துக்கொண்ட நகல் நீங்காது.

இரண்டாவது, பிள்ளைகளின் படத்தை ஏற்றுமுன் அவர்களிடம் கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் வெட்கம் உண்டு. மணமுறிவு ஏற்பட்ட பெண்ணின் நிக்காஹ் படங்கள், நோயாளியின் மருத்துவமனைப் படங்கள், உதவி பெறும் ஏழையின் முகம் ஆகியவை நம் பக்கங்களில் இன்னும் இருந்தால், அவர்கள் வந்து கேட்கும்வரை காத்திராமல் நாமே நீக்கிவிடுவோம்.

மூன்றாவது, ஒருவர் "எடுத்துடுங்க" என்று கேட்டால் காரணம் கேட்க வேண்டாம். உரிமை என்ற சொல்லைச் சட்டம் எழுதிக்கொள்ளட்டும். கேட்டவுடன் நீக்குவது நம்மிடையே அதபாக இருக்கட்டும்.

அன்றிரவு எங்கள் மத்ரஸாவின் பக்கத்தைத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் அழுவது, தடுமாறுவது, கண்டிக்கப்படுவது எனத் தென்பட்ட அனைத்தையும் நீக்கினேன். நீக்கி முடிக்க ஃபஜ்ர் நெருங்கிவிட்டது. என் மாணவரின் காட்சியை மறுபடி ஏற்றியிருந்த ஐந்து பேருக்கும், அதை முதலில் எடுத்தவன் நானே என்று சொல்லி, நீக்கும்படி வேண்டி எழுதினேன். மூவர் நீக்கிவிட்டார்கள். ஒருவர் பதிலே தரவில்லை. இன்னொருவர், "இதுல என்ன தப்பு ஹஜ்ரத்? சும்மா சிரிக்கத்தானே" என்று எழுதினார். அவருக்கு இந்தக் கட்டுரையைத்தான் பதிலாக அனுப்பப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.

நம் குறைகளை அல்லாஹ் மறைப்பானாக. பிறர் குறைகளை மறைப்பவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.